நாலு துளை, ஒரு தட்டு

சென்னையிலிருந்து வரும் மின்சார ரயில்களில் பல கும்மிடிப்பூண்டியோடு நின்றுவிடும். கூட்டம் இறங்கிப் போன பிறகு பிளாட்பாரத்தில் சற்று நேரம் நின்றால் ஒன்றைக் கவனிக்கலாம். வண்டியை ஓட்டி வந்தவர் தன் பையை எடுத்துக்கொண்டு இறங்குவார். வண்டியின் முழு நீளத்துக்கும் நடந்து, மறுமுனையில் உள்ள ஓட்டுநர் அறையில் ஏறிக்கொள்வார். கொஞ்ச நேரத்தில் அதே வண்டி பொன்னேரி, மீஞ்சூர் வழியாகச் சென்னைக்குத் திரும்பும். அடியில் இருக்கும் மோட்டார்கள் அதே மோட்டார்கள்தான். மின்சாரம் அவற்றின் சுருள்களுக்குள் போகும் வரிசை மட்டும் மாறியிருக்கிறது.

மின்சாரத்தின் வரிசையைச் சுவிட்சில் மாற்றிவிடலாம். ஆவியை எப்படி மாற்றுவது? கரி, தண்ணீர், கொதிகலன், பிஸ்டன் என்று எல்லாமே முன்போலவே இருக்க, முன்னால் ஓடிய எஞ்சின் எப்படிப் பின்னால் ஓடுகிறது? இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. என் மேசையில் இருக்கும் கையளவு நீராவி எஞ்சினிலிருந்து வந்தது. ஸ்பிரிட் விளக்கில் சூடாகும் சின்னக் கொதிகலன், ஒரே ஒரு பித்தளை சிலிண்டர், ஒரு சக்கரம். ஓடும்போது பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் ஒரே பக்கம்தான் ஓடும். அதற்கு ஒரு ரிவர்ஸ் வால்வு செய்து மாட்ட வேண்டும் என்ற ஆசையில், கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் உள்ள ஒரு லேத் பட்டறைக்குப் போனேன்.

சிப்காட்டைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இரும்பு வாடைதான் முதலில் நினைவுக்கு வரும். பழைய இரும்பை உருக்கும் உலைகளும், பழுக்கக் காய்ந்த இரும்பைக் கம்பியாக இழுக்கும் ரோலிங் மில்களும் நிறைந்த இடம். அந்தப் பெரிய ஆலைகளின் நிழலில்தான் இப்படிப்பட்ட பட்டறைகள் பிழைக்கின்றன. மில்லில் ஒரு புஷ் தேய்ந்தாலும் ஒரு ஷாஃப்ட் வளைந்தாலும் ராத்திரியோடு ராத்திரியாகக் கடைந்து கொடுப்பது இவர்கள்தான். நான் பார்க்கப் போனவர் முப்பது வருஷமாக லேத் ஓட்டுகிறவர். என் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இது நாலு வழி வால்வு தானே சார்?” என்றார். “மில்லுல பில்லட்டை ஃபர்னஸுக்குள்ள தள்ற ஹைட்ராலிக் சிலிண்டர் இருக்கே, அதுக்கும் இதே கதைதான். பிரஷர் ஒண்ணு, டேங்குக்குத் திரும்பறது ஒண்ணு, சிலிண்டருக்கு ரெண்டு லைன். ஆயிலுக்குப் பதிலா உங்களுக்கு ஸ்டீம்.”

எனக்கு அந்த இடத்திலேயே விஷயத்தின் பாதி புரிந்துவிட்டது. மண்வாரி எந்திரத்தின் கை மேலும் கீழும் போவது, வெயிலில் குளிரும் குளிரில் சூடும் தரும் ஏசி இரண்டு வேலையையும் செய்வது, என் பொம்மை எஞ்சின் பின்னால் ஓடப்போவது எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். உள்ளே போகும் வழியையும் வெளியே வரும் வழியையும் ஒன்றுக்கொன்று மாற்றிவிடுவது.

மூன்று சக்கர சைக்கிள் சொல்லும் பாடம்

வழியை மாற்றினால் திசை ஏன் மாற வேண்டும்? குழந்தைகளின் மூன்று சக்கர சைக்கிளை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் பெடல் முன்சக்கரத்தோடு நேராகப் பொருத்தப்பட்டிருக்கும். பெடல் உச்சியைத் தாண்டிச் சற்று முன்பக்கம் இருக்கும்போது மிதித்தால் சைக்கிள் முன்னே போகும். பெடல் உச்சிக்குப் பின்பக்கம் இருக்கும்போது அதே கால் அதே பலத்தில் மிதித்தால் சைக்கிள் பின்னே போகும். பலம் மாறவில்லை. கால் கீழ்நோக்கித்தான் இரண்டு முறையும் அழுத்துகிறது. அழுத்திய வேளை மட்டுமே வேறு.

என் எஞ்சினில் இருப்பது ஆடும் சிலிண்டர். வில்லியம் மர்டாக் 1780-களிலேயே இந்த யோசனையைக் கையாண்டிருக்கிறார். சிலிண்டர் ஓர் அச்சில் தொங்கி, சக்கரம் சுற்றச் சுற்ற இடமும் வலமும் சாயும். அதன் மேல்முனையில், பக்கவாட்டில் ஒரே ஒரு துளை. அது உரசி நிற்கும் பித்தளைக் கட்டையில் இரண்டு துளைகள், இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. சிலிண்டரின் தலை இடப்பக்கம் சாயும்போது அதன் துளை இடத் துளையோடு பொருந்தும்; வலப்பக்கம் சாயும்போது வலத் துளையோடு. தனியாக வால்வு என்று எதுவும் கிடையாது, சாய்வதே வால்வின் வேலையைச் செய்துவிடுகிறது.

இப்போது இடத் துளையில் ஆவி வருகிறது, வலத் துளை வெளியேறும் வழி என்று வைத்துக்கொள்வோம். சிலிண்டரின் தலை இடப்பக்கம் சாய்ந்தால் அதன் கால், அதாவது சக்கரத்தின் கிராங்க் முனை, வலப்பக்கம் இருக்கும். அந்த நேரத்தில் ஆவி பிஸ்டனைக் கீழே தள்ள, வலப்பக்கம் இருக்கும் முனை கீழே இறங்கும். சக்கரம் கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றும். ஆவியை வலத் துளைக்கு மாற்றிவிடுங்கள். கிராங்க் முனை இடப்பக்கம் இருக்கும்போதுதான் இப்போது தள்ளு கிடைக்கும். சக்கரம் எதிர்த்திசையில் சுற்றியே தீர வேண்டும். பல்சக்கரம் இல்லை, கிளட்ச் இல்லை, கூடுதல் சக்தியும் இல்லை. இரண்டு குழாய்கள் இடம் மாறிக்கொண்டன, அவ்வளவுதான்.

ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினில் குழாயைக் கழற்றி மாட்ட முடியாது. அதனால் இடையில் ஒரு தட்டு. இங்கிலாந்தின் மாமோட் நிறுவனம் செய்த பொம்மை எஞ்சின்கள் பலவற்றில் ஒரு சின்னக் கைப்பிடி இருக்கும். அதைத் தள்ளினால் உள்ளே நடப்பது இதுதான்.

பித்தளையில் ஒரு கடிகார முகம்

பட்டறையில் நாங்கள் செய்த வால்வைச் சொல்கிறேன். 20 மில்லிமீட்டர் சதுரம், 10 மில்லிமீட்டர் கனம் உள்ள ஒரு பித்தளைக் கட்டை. அதன் முகத்தைக் கடிகார முகமாக நினைத்துக்கொண்டால், நடுவில் அச்சாணிக்கு ஒரு துளை. நடுவிலிருந்து 6 மில்லிமீட்டர் தள்ளி 12, 3, 6, 9 மணி இருக்கும் இடங்களில் 2 மில்லிமீட்டர் துளைகள் நாலு. 12-இல் கொதிகலனிலிருந்து வரும் ஆவி. 6-இல் வெளியே போகும் குழாய். 3-ம் 9-ம் சிலிண்டரின் இரண்டு துளைகளுக்குப் போகின்றன.

இதன்மேல் உட்காருவது 18 மில்லிமீட்டர் விட்டமுள்ள தட்டு. பழைய நாலணா காசு கையில் இருந்தால் எடுத்துப் பாருங்கள், ஏறக்குறைய அந்த அளவு. தட்டின் அடிமுகத்தில் முந்திரிப் பருப்பைப் போல வளைந்த இரண்டு பள்ளங்கள், எதிரெதிரே. ஒவ்வொன்றும் கடிகாரத்தின் கால்வாசி நீளம். தட்டு ஒரு நிலையில் இருக்கும்போது ஒரு பள்ளம் 12-ஐயும் 3-ஐயும் சேர்க்கும், இன்னொன்று 6-ஐயும் 9-ஐயும் சேர்க்கும். தட்டைக் கால் வட்டம் திருப்பினால் 12-ம் 9-ம் ஒன்று, 6-ம் 3-ம் ஒன்று. பாதி திருப்பி நிறுத்தினால் இரண்டு பள்ளங்களும் 3-இன் மேலும் 9-இன் மேலும் தனித்தனியே நிற்கும், ஆவி வரும் 12-ஆவது துளை வெறும் தட்டால் மூடப்பட்டுவிடும். முன்னே, நில், பின்னே என்று மூன்று கட்டளைகளும் ஒரே கைப்பிடியில். கொஞ்சமாகத் திருப்பினால் துளை கொஞ்சமாகத் திறக்கும் என்பதால் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வேலையையும் இதுவே பார்த்துக்கொள்ளும்.

படத்தில் வரைய எளிது. அந்தப் பள்ளத்தை வெட்டுவது எப்படி என்றுதான் எனக்குக் கவலை. மில்லிங் மெஷினும் ரோட்டரி டேபிளும் இருந்தால் ஐந்து நிமிட வேலை. அவரிடம் லேத் மட்டும்தான் இருந்தது. தட்டைச் சக்கில் கவ்வினார். 2 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு டூலைச் சாணையில் தீட்டி, நடுவிலிருந்து சரியாக 6 மில்லிமீட்டரில் முனை நிற்கும்படி வைத்தார். மோட்டாரின் சுவிட்சை அணைத்தார். பிறகு சக்கைக் கையால் பிடித்து, கால் வட்டம் முன்னே, கால் வட்டம் பின்னே என்று தொட்டில் ஆட்டுவது போல ஆட்டத் தொடங்கினார். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் டூல் ஒரு நூலிழை உள்ளே போகும். சக்கின் மேல் சாக்பீஸில் இரண்டு கோடுகள், அவைதான் எல்லை. மயிரிழை போலப் பித்தளைச் சுருள் உதிர்ந்துகொண்டே இருந்தது. ஒரு மில்லிமீட்டர் ஆழம் வந்ததும் சக்கை அரை வட்டம் திருப்பி அடுத்த பள்ளம். முப்பது வருஷம் ஓடும் லேத்தையே பார்த்த கை, ஓடாத லேத்தில் இப்படி ஒரு வேலையைச் செய்ததை நான் மறக்க மாட்டேன்.

ஆனால் வால்வின் உயிர் அந்தப் பள்ளத்தில் இல்லை. இரண்டு முகங்களும் ஒட்டும் இடத்தில் இருக்கிறது. லேத்தில் கடைந்த முகம் கண்ணுக்குப் பளபளக்கும், விரலுக்கு வழுவழுக்கும். ஆவிக்கு அது உழுத வயல். மெல்லிய இடுக்கின் வழியே கசியும் அளவு, இடுக்கின் கனத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுகிறது என்பது பாய்மவியலின் விதி. இடுக்கைப் பாதியாகக் குறைத்தால் கசிவு பாதியாகாது, எட்டில் ஒரு பங்காகிவிடும். பத்தில் ஒரு பங்காகக் குறைத்தால் கசிவு ஆயிரத்தில் ஒன்று. தேய்த்து மட்டமாக்கும் வேலைக்குச் செலவிடும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் இயற்கை இவ்வளவு தாராளமாகக் கூலி கொடுக்கிறது.

கெட்டியான கண்ணாடித் துண்டு ஒன்று. அதன்மேல் ஆயிரம் நம்பர் எமரி பேப்பர், சில சொட்டு எண்ணெய். தட்டை விரல் நுனியால் அழுத்தி எட்டுப் போடுவது போலத் தேய்க்க வேண்டும். நேர்கோட்டில் தேய்த்தால் விரல் அழுத்தும் ஓரம் மட்டும் தேய்ந்து முகம் சரிந்துவிடும். நடுநடுவே நீல மையை மிக மெல்லிதாகப் பூசி இரண்டு முகங்களையும் சேர்த்துத் திருப்பிப் பார்ப்பார். மை ஒட்டிய இடம் மேடு. முதலில் ஓரத்தில் ஒரு பிறை மட்டும் ஒட்டியது. அரை மணி நேரத்துக்குப் பிறகு முகம் முழுவதும் நீலம். கடைசியில் பிராசோ போட்டு இரண்டையும் ஒன்றோடொன்று தேய்த்தார். கரகரப்பான வால்வு கிரைண்டிங் பேஸ்ட் இதற்கு ஆகாது. அதன் துகள்கள் மெத்தென்ற பித்தளைக்குள் புதைந்துகொண்டு வால்வின் ஆயுள் முழுக்க அரைத்துக்கொண்டே இருக்கும். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துத் தட்டைக் கட்டைமேல் வைத்துத் தூக்கினார். கட்டையும் சேர்ந்து எழுந்து ஒரு கணம் தொங்கி, பிறகு விட்டது.

எல்லாம் சரியாக இருந்தும் முதல் சோதனையில் கசிந்தது. காரணம் நான். தட்டைக் கட்டையோடு அழுத்திப் பிடிக்க ஒரு ஸ்பிரிங் வேண்டும். பால்பாயிண்ட் பேனாவிலிருந்து கழற்றியதை நான் போட்டிருந்தேன். கம்ப்ரஸர் காற்றை மெல்லத் திறந்தோம். அரை கிலோ பிரஷர் வரை சிலிண்டர் ஒழுங்காக ஆடியது. ஒன்றரை கிலோவை நெருங்கும்போது தட்டின் ஓரத்தில் சீறல் கேட்டது, உடனே எல்லாம் நின்றுவிட்டது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் புரிகிறது. ஒரு பள்ளத்தின் பரப்பு சுமார் 0.22 சதுர சென்டிமீட்டர். ஒன்றரை கிலோ பிரஷரில் அது தட்டைத் தூக்கும் விசை ஏறக்குறைய 330 கிராம். பேனா ஸ்பிரிங் அதைச் சமாளித்துவிடும் என்று தோன்றும். ஆனால் ஓர் ஓரம் இம்மி தூக்கிக்கொண்டால் காற்று முகங்களுக்கு நடுவே பரவத் தொடங்கும். பரவப் பரவ அது தள்ளும் பரப்பு பெருகும். தட்டின் முழு முகத்துக்கும் பரவிவிட்டால் பரப்பு இரண்டரை சதுர சென்டிமீட்டர், தூக்கும் விசை நாலு கிலோவை நெருங்கும். கசிவு தன்னையே வளர்த்துக்கொள்ளும் இந்தக் குணம்தான் தட்டு வால்வின் பெரிய ஆபத்து. நல்ல கெட்டி ஸ்பிரிங்கைப் போட்டு, நட்டை அளவாக இறுக்கியதும் சீறல் அடங்கியது. அளவுக்கு மீறி இறுக்கினால் கைப்பிடி திரும்பாது, முகமும் கீறிக்கொள்ளும்.

தட்டுக்குப் பதிலாகக் குழாயடி காக் போல உள்ளே செருகும் உருளையாகச் செய்யலாமே என்று கேட்டேன். “செய்யலாம் சார். ஆனா சூடு ஏறினா புடிச்சுக்கும்,” என்றார். பித்தளை சூட்டில் நன்றாக விரியும் உலோகம். 18 மில்லிமீட்டர் பித்தளை 90 டிகிரி சூடேறினால் 0.03 மில்லிமீட்டர் விரிகிறது. செருகிய உருளை, சுற்றியிருக்கும் கட்டையைவிட முந்திக்கொண்டு சூடானால் அந்த 0.03-ஏ அதை இறுக்கிவிடப் போதும். தட்டையான முகங்கள் பக்கவாட்டில் எவ்வளவு விரிந்தாலும் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக்கொள்ளும். அவர் இதைக் கணக்காகச் சொல்லவில்லை. சிக்கிக்கொண்ட வால்வுகளைச் சுத்தியலால் தட்டி எடுத்த அனுபவத்திலிருந்து சொன்னார்.

பெரிய எஞ்சின்கள் போன வழி

இவ்வளவு எளிய வித்தை இருக்க, ரயில் எஞ்சின்கள் ஏன் இதைக் கையாளவில்லை? திருவள்ளூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தக் கேள்வியில் ஓர் உரிமை உண்டு. இந்தியாவின் முதல் ரயில் பாதை 1837-இல் செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பாலம் வரை போடப்பட்டது. சென்னையில் சாலை போடக் கல் கொண்டுபோவதற்காக ஆர்தர் காட்டன் அமைத்த பாதை அது. பயணிகளுக்கான தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து திருவள்ளூர் வழியாக ஆற்காட்டை அடுத்த வாலாஜா ரோட்டுக்குப் போனது.

செங்குன்றம் பாதையில் ஓடியது வில்லியம் எவரியின் சுழல் வகை நீராவி எஞ்சின். எவரி வகையின் தத்துவம் தோட்டத்தில் தானாகச் சுழலும் தண்ணீர்த் தெளிப்பானுடையது. வளைந்த முனைகளிலிருந்து ஆவி பின்னால் பீய்ச்ச, கைகள் முன்னால் சுழலும். பிஸ்டன் இல்லை, ஆடும் பாகம் இல்லை. ஆனால் அது தன் வளைவு சொல்லும் ஒரே திசையில்தான் சுழலும். வழியை மாற்றிவிட அதற்குள் இரண்டு வழிகள் இல்லை. பிஸ்டன் எஞ்சின்கள் வென்றதற்குப் பல காரணங்கள் உண்டு என்றாலும், முன்னும் பின்னும் ஒரே எளிமையோடு ஓடும் குணம் தண்டவாளத்தில் சின்ன விஷயமல்ல.

பெரிய எஞ்சின்களில் ஆவிப் பெட்டிக்குள் வழுக்கும் வால்வு, கவிழ்த்த கிண்ணம் போன்றது. பெட்டியில் இருக்கும் ஆவி அதை மேலிருந்து அழுத்தி முகத்தோடு ஒட்ட வைக்கிறது. நம் தட்டைப் போல வழிகளை மாற்றிவிட்டால் ஆவி கிண்ணத்துக்கு அடியில் வந்து அதைத் தூக்கிவிடும். இது முதல் தடை. இதைவிடப் பெரிய தடை சிக்கனம். என் பொம்மை எஞ்சின் பிஸ்டன் இறங்கும் நேரம் ஏறக்குறைய முழுவதும் ஆவியை வாங்கிக்கொண்டே இருக்கிறது. அந்த ஆவி இன்னும் பலத்தோடு இருக்கும்போதே வெளியே துரத்தப்படுகிறது. ரயில் எஞ்சின் அப்படி ஊதாரியாக இருக்க முடியாது. வேகம் எடுத்த பிறகு பிஸ்டன் கால்வாசி தூரம் போனதுமே ஆவியின் வாசல் மூடப்படும். உள்ளே அடைபட்ட ஆவி தானே விரிந்து மிச்ச தூரத்துக்கும் தள்ளும். கரியும் தண்ணீரும் மிச்சமாவது இந்த விரிவில்தான். அதற்கேற்ப வால்வின் ஓரங்களை நீட்டி, அதன் வேளையைச் சற்று முன்னே தள்ளி வைக்கிறார்கள். அப்படி முன்னே தள்ளிய வேளை ஒரு திசைக்குப் பொருந்தும், மறு திசைக்குப் பொருந்தாது.

இந்தச் சிக்கலுக்கு 1842-இல் ஸ்டீபன்சன் தொழிற்சாலையில் வில்லியம் வில்லியம்ஸ், வில்லியம் ஹோவ் என்ற இருவரின் கையில் விடை பிறந்தது. முன்னோட்டத்துக்கு ஒன்று, பின்னோட்டத்துக்கு ஒன்று என இரண்டு விலகுமையச் சக்கரங்கள். இரண்டின் தண்டுகளையும் வளைந்த ஓர் இணைப்பின் இரு முனைகளில் மாட்டி, அந்த இணைப்பை மேலும் கீழும் நகர்த்துவது. வால்வுத் தண்டு எந்த முனைக்கு அருகில் இருக்கிறதோ அந்தத் திசை. நடுவை நோக்கி நகர்த்த நகர்த்த வால்வின் ஓட்டம் குறைந்து, ஆவி சீக்கிரமே அடைபடும். திசை மாற்றத் தேடிய கருவியே சிக்கனத்துக்கும் கருவியானது. 1844-இல் பெல்ஜியத்தின் எகிட் வால்ஷார்ட் வேறு அமைப்பில் இதே பலனைக் கொண்டுவந்தார். பழைய நீராவி எஞ்சின்களின் சக்கரங்களுக்கு வெளியே விரல்கள் மடங்கி நிமிர்வது போல அசையும் தண்டுகளைப் பார்த்திருப்பீர்களே, பெரும்பாலும் அது வால்ஷார்ட் அமைப்புதான்.

இந்த எஞ்சின்களை உயிரோடு வைத்திருக்கும் கைகள் நமக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. திருவள்ளூர் மின்சார ரயில் கடந்து போகும் பெரம்பூரில் உள்ள லோகோ ஒர்க்ஸில்தான், 1855-இல் லீட்ஸ் நகரில் கட்டப்பட்ட ‘இ.ஐ.ஆர். 21’ எஞ்சின் பல பத்தாண்டுகள் காட்சிப் பொருளாக நின்ற பிறகு மீண்டும் ஓட வைக்கப்பட்டது. 2010 சுதந்திர தினத்தன்று அது சென்னை சென்ட்ரலிலிருந்து ஆவடி வரை ஓடியது. அதே வயதுடைய ‘ஃபேரி குயின்’ எஞ்சினும் பெரம்பூரில்தான் பழுது பார்க்கப்பட்டது. திருச்சி பொன்மலைப் பணிமனை இன்னும் ஒரு படி மேலே போய், நீலகிரி மலை ரயிலுக்காக 2011 முதல் புத்தம் புது நீராவி எஞ்சின்களையே கட்டியது. 2021-இல் கரியில் ஓடும் எஞ்சின் ஒன்றும் அங்கிருந்து வெளிவந்தது. அந்த மலை எஞ்சின்களில் இரண்டு ஜோடி சிலிண்டர்கள். சமதளத்தில் கீழ் ஜோடி மட்டும் வேலை செய்யும். கல்லாறு தாண்டிப் பல்சக்கரப் பாதை தொடங்கியதும் ஓட்டுநர் ஒரு வால்வைத் திருப்பி, கீழ் ஜோடி வெளியே விடும் ஆவியை மேல் ஜோடிக்குள் அனுப்புவார். பன்னிரண்டு அடி போனால் ஓர் அடி ஏறும் அந்தச் சரிவிலும், எஞ்சினுக்கு வேண்டியது நம் தட்டு செய்வதைப் போன்ற ஒரு வழிமாற்றம்தான்.

ரிவர்ஸுக்கு வேறு விதமாக விடை கண்டவர்களும் உண்டு. 1866-இல் இங்கிலாந்தின் க்ரூ நகரில் ஜான் ராம்ஸ்பாட்டம், ரயில் எஞ்சினைப் போலவே திசை மாறும் நீராவி எஞ்சினை ஒரு ரோலிங் மில்லுக்குப் பூட்டினார். காய்ந்த இரும்பு உருளைகளுக்கு நடுவே ஒரு பக்கம் போனதும் எஞ்சின் திசை மாறி அதைத் திரும்ப இழுக்கும். சின்ன மில்கள் அந்தச் செலவைத் தவிர்க்க மூன்று உருளைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தன. இரும்பு கீழ் இடுக்கில் போய் மேல் இடுக்கில் திரும்பும், உருளைகள் திசை மாறவே வேண்டாம். நான் சொன்னதைக் கேட்டதும் லேத்காரருக்கு முகம் மலர்ந்தது. “த்ரீ ஹை ஸ்டாண்டு! அதுக்கு எத்தனை தடவை புஷ் போட்டிருக்கேன் தெரியுமா?” என்றார்.

ஸ்பிரிட் விளக்கு

மூன்றாம் முறை போனபோது கொதிகலனையும் எடுத்துப் போனேன். இதில் விளையாட்டுத்தனம் கூடாது. நம் நாட்டில் கொதிகலன்களுக்கு 1923-இலேயே சட்டம் வந்தது, 2025-இல் அதன் இடத்தில் புதிய சட்டமும் வந்துவிட்டது. 25 லிட்டருக்குக் குறைவானவை அதன் வரம்புக்குள் வருவதில்லை. சோதிக்க யாரும் வரமாட்டார்கள் என்பதாலேயே, செய்பவர் தானே சோதிக்கும் பொறுப்பு கூடுகிறது. ஒரு பங்கு தண்ணீர் ஆவியானால் ஆயிரத்து அறுநூறு பங்குக்கும் மேலாக விரியும். சேஃப்டி வால்வு இல்லாத கொதிகலனின் அடியில் நெருப்பு வைக்கவே கூடாது. வீட்டில் முயல்பவர்கள், குறிப்பாகப் பிள்ளைகள், சைக்கிள் பம்பின் காற்றிலேயே வால்வையும் எஞ்சினையும் முழுக்கச் சரிபார்த்துக்கொள்ளலாம். காற்றில் ஓடுவது பெரும்பாலும் ஆவியிலும் ஓடும்.

சிலிண்டருக்கு ஸ்டீம் ஆயில் இரண்டு சொட்டு விட்டோம். தையல் மெஷின் எண்ணெயை ஆவி கழுவிக்கொண்டு போய்விடும். இந்தக் கெட்டி எண்ணெய்தான் நிற்கும். விளக்கை ஏற்றிப் பத்து நிமிடம் ஆனது. கைப்பிடியைத் திருப்பியதும் எஞ்சின் ஓடவில்லை, வெந்நீரைத் துப்பியது. குளிர்ந்த பித்தளையில் பட்ட முதல் ஆவி தண்ணீராகிவிடும், தண்ணீரை அமுக்க முடியாது என்பதால் பிஸ்டன் திணறும். ஆடும் சிலிண்டரின் நல்ல குணம் இங்கே தெரிந்தது. அது தன் ஸ்பிரிங்கை மீறிச் சற்று விலகி, தண்ணீரை ஓரத்தில் விட்டுவிட்டு மறுபடி ஒட்டிக்கொண்டது. சக்கரத்தை விரலால் இரண்டு சுற்று சுற்றிவிட்டேன். பிடித்துக்கொண்டது.

வால்விலிருந்து சிலிண்டருக்குப் போகும் இரண்டு செம்புக் குழாய்களும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. ஒன்று தொட முடியாத சூடு, மற்றொன்று அதைவிடக் குறைந்த சூடு. கைப்பிடியை நடுவுக்குக் கொண்டுவந்தேன், எஞ்சின் நின்றது. மறுபக்கம் தள்ளினேன். அரை நொடித் தயக்கம், ஒரு துப்பல், பிறகு சக்கரம் எதிர்த்திசையில் சுற்றத் தொடங்கியது. உள்ளே போன குழாய் இப்போது வெளியே விடும் குழாய். பட்டறையில் வேலை செய்யும் பையன்கள் இரண்டு பேர் கைவேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். ஒருவன் கைப்பிடியை நகர்த்திப் பார்க்கலாமா என்று கேட்டு, நகர்த்தி, மறுபடி நகர்த்தினான்.

லேத்காரர் மட்டும் எஞ்சினைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். முன்னே ஓடும்போது ஒரு தாளம். பின்னே ஓடும்போது அதைவிட இம்மியளவு மந்தமாக. எனக்கு அவர் சொன்ன பிறகுதான் கேட்டது.

“ஒரு பள்ளம் ஓரத்துல முழுசா வரல சார். துளையைக் கொஞ்சம் மறைக்குது.”

“இருக்கட்டும் அண்ணே, ஓடுதே,” என்றேன்.

“இல்ல சார். ரெண்டு பக்கமும் ஒண்ணா போகணும்.” விளக்கை ஊதி அணைத்தார். கட்டை ஆறும்வரை காத்திருந்து நட்டைக் கழற்றினார். தட்டைத் திரும்பவும் சக்கில் கவ்வி, சாக்பீஸ் கோட்டைத் துடைத்துவிட்டு, ஒரு நூல் தள்ளிப் புதுக் கோடு போட்டார்.